பள்ளி வாசலுக்கு வருமுன்னே: கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைகளின் பல்லும் ஏற்றத்தாழ்வும்



முதலாம் ஆண்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. வாசிப்பு நேரம். ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொல்கிறோம். குரலே வரவில்லை. "வாயைத் திறந்து சத்தமா படிப்பா" என்றால், கையால் வாயை மூடிக்கொள்கிறான். பக்கத்தில் போய்க் கேட்டால், "பல்லு வலிக்குது டீச்சர்" என்று மெல்லச் சொல்கிறான். முன்பற்கள் நான்கும் கரிக்கட்டையாகக் கறுத்திருக்கின்றன. வேர் மட்டும் மிச்சம். 'தந்தம்' என்ற சொல்லைச் சொல்ல நாக்கு தொட வேண்டிய பல்லே அங்கே இல்லை.

எழுத்துகள் பிறக்கும் உறுப்புகளைத் தொல்காப்பியம் எட்டு என்று வகுக்கிறது. அதில் பல்லும் ஒன்று. 'பல் போனால் சொல் போச்சு' என்று பாட்டிமார் சொல்வதும் இதைத்தான். ஆகவே பல் என்பது பல் மருத்துவரின் சங்கதி மட்டும் இல்லை; மொழி ஆசிரியரின் சங்கதியும்தான்.

இந்தப் பையனை இன்னும் ஐந்து ஆண்டுகள் கழித்து ஆறாம் ஆண்டில் பார்த்தால் பெரும்பாலும் அவன் பல் நன்றாகவே இருக்கும். இது என் ஆசை வார்த்தை அல்ல, நாட்டின் புள்ளிவிவரம் காட்டும் போக்கு. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி, சொத்தைப் பல் அனுபவம் உள்ள 12 வயது மாணவர்கள் 1997-இல் 60.9 விழுக்காடு. 2007-இல் அது 41.5 விழுக்காடாக இறங்கியது. பத்தே ஆண்டில் 19.4 புள்ளி இறக்கம்.

5 வயதுப் பிள்ளைகளின் கணக்கு வேறு. 1995-இல் 87.1 விழுக்காடு. 2005-இல் 76.2. 2015-இல் 71.3. முதல் பத்தாண்டில் 10.9 புள்ளி இறங்கியது; அடுத்த பத்தாண்டில் 4.9 புள்ளிதான். அதாவது, பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே சொத்தையோடு இருக்கிறார்கள்.

ஒரே நாடு, ஒரே அமைச்சு, ஒரே பற்பசை. 12 வயதில் இவ்வளவு முன்னேறியவர்கள் 5 வயதில் ஏன் தடுமாறுகிறோம்? விடை வரலாற்றில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஒரு நடை போய்ப் பார்ப்போம்.

1. கொசு கற்பித்த பாடம்

பல்லைப் பற்றிப் பேசுமுன் கொசுவைப் பற்றிக் கொஞ்சம். 1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. ஊரே மலேரியாவில் படுத்துக் கிடந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் கிள்ளான் நகரத்திலும் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டித் தண்ணீரை வடித்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து அதிகாரிகள் பலர், "கூலிகள் சுத்தமாக இருப்பதில்லை, அதனால் நோய்" என்று பேசினார்கள். வடிகால் வெட்டியதும் அதே மக்கள், அதே பழக்கவழக்கத்தோடு, நோய் குறைந்து வாழ்ந்தார்கள். மாறியது மக்கள் அல்ல, சூழல். பொதுச் சுகாதாரம் என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்: ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திருத்தப் போகாமல், எல்லாரையும் தொடுகிற ஒன்றை மாற்றுவது.

ஆனால் எல்லாரையும் தொடுகிறது என்று நாம் நினைக்கிற ஒன்று உண்மையிலேயே எல்லாரையும் தொடுகிறதா? நகரத்துக்கு வடிகால் முதலில் வந்தது, தோட்டங்களுக்குப் பிறகுதான். பல்லின் கதையிலும் இதே முறைதான் திரும்புகிறது.

2. குவார்ட்டர்ஸும் லயமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு வேறு உலகங்களில் வாழ்ந்தார்கள்.

ஒன்று பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம், பிறகு இரயில்வேயின் ஊராயிற்று. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று நம்மவர்கள் அழைத்த அரசாங்கக் குடியிருப்பு வரிசைகளில் இரயில்வே ஊழியர்கள் குடியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தில் இருந்தார்கள். அரசாங்க வேலை, மாதச் சம்பளம், குழாய்த் தண்ணீர், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், எட்டுகிற தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி.

இன்னொன்று கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள். விடிவதற்கு முன் பெரட்டு, லயத்து வீடு, கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போனால் கைக்குழந்தை ஆயாக் கொட்டாயில் இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது அப்படித்தான். மருத்துவத்துக்கு டிரெசர் இருந்தார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். பல்வலி என்று போனால் வலிக்கு ஏதாவது தடவுவார், முடியாவிட்டால் பிடுங்குவார். சொத்தையைச் சுரண்டி அடைத்துப் பல்லைக் காப்பாற்றும் வேலை அவருடைய பயிற்சியிலும் இல்லை, கையிருப்பிலும் இல்லை.

ஆக, ஒரே மொழி பேசிய இரண்டு குழந்தைகளுக்கு ஒரே சொத்தை வந்தாலும் முடிவு வேறு வேறாக இருந்தது. ஒருவனுக்குச் சிகிச்சை எட்டுகிற தூரத்தில் இருந்தது. மற்றவனுக்குக் குறடு மட்டுமே. ஏற்றத்தாழ்வு என்றால் இதுதான் என்று மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். நோய் வருவதில் மட்டும் அல்ல, வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதிலும் அது இருக்கிறது.

3. டின் பால்

தோட்டத்துத் தாய்க்குக் கைக்குழந்தையைப் பகலில் பாலூட்ட நேரம் கிடைப்பது அரிது. கடையில் டின் பால் கிடைத்தது. கெடாது, ஐஸ் பெட்டி வேண்டாம், கரைத்தால் போதும். இனிப்பூட்டிய கெட்டிப்பால் அது. அதில் சீனி மிக அதிகம்.

1939-இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கக் கூட்டம் ஒன்றில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பேசினார். மலாயாவில் பணியாற்றியவர். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கெட்டிப்பாலை ஏழைத் தாய்மார்களிடம் விளம்பரம் செய்து விற்பது குழந்தைகளைக் கொல்லும் செயல் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி, பல்லைப் பற்றி அல்ல. ஆனாலும் அவர் தொட்ட புள்ளி நமக்கும் முக்கியம்: தாய்க்கு நேரமில்லாத இடத்தில் சீனி புகுந்துகொள்கிறது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் முன்பற்கள் முதலில் அரிக்கப்படுவது இன்று பல் மருத்துவர்கள் தினமும் பார்க்கும் காட்சி. வாயில் இருக்கும் நுண்கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் அமிலம் கழுவப்படாமல் பல்லின் மேலேயே தங்குகிறது. அவ்வளவுதான் கதை.

4. கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஒரு கோரிக்கை

வரலாற்று மாணவர்களுக்கு 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் தெரிந்திருக்கும். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரைக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அதே பட்டியலில் இன்னும் இரண்டு இருந்தன: பிள்ளைகளுக்கு முறையான கல்வி, முறையான மருத்துவ வசதி.

படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். கோரிக்கைகள் அன்று முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமும் வேண்டும் என்பதை யாரோ மேலிருந்து கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. பால்மரம் வெட்டியவர்களே கேட்டார்கள். "நம்ம ஆளுங்களுக்கு ஆரோக்கியத்துல அக்கறை இல்லை" என்று இன்று யாராவது சொன்னால், 1941-ஐ நினைவூட்டுங்கள்.

5. பினாங்கிலிருந்து வந்த மிஸ்ஸி

போர் முடிந்த பிறகு மலாயாவில் பல் மருத்துவர்கள் மிகச் சிலரே. சிங்கப்பூரில் 1929-இல் தொடங்கிய பல் மருத்துவப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் போதவில்லை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் உருவானதே 1970களின் தொடக்கத்தில்தான். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியுமா?

வழியை நியூசிலாந்து காட்டியது. முதல் உலகப் போரில் படைக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் படுமோசமாக இருந்ததைக் கண்டு அந்த நாடு அதிர்ந்தது. தாமஸ் ஹண்டர் என்பவரின் முயற்சியால் 1921-இல் வெலிங்டனில் ஒரு புதிய பயிற்சி தொடங்கியது. இளம் பெண்களுக்குப் பிள்ளைகளின் பல்லைச் சோதிக்கவும் அடைக்கவும் பிடுங்கவும் கற்றுக்கொடுத்துப் பள்ளிகளுக்கே அனுப்பினார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பல் மருத்துவ அறைக்கு 'கொலை வீடு' என்று பட்டப்பெயர் வைத்தது வேற கதை!

அந்த முறையைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நீண்ட காலம் நாட்டின் ஒரே பயிற்சி மையமாக இருந்தது அதுதான். அங்கே படித்து வந்த பெண்களை நம் பிள்ளைகள் 'மிஸ்ஸி' என்றே அழைத்தார்கள். இன்று அவர்களின் பதவிப் பெயர் 'பல் சிகிச்சையாளர்'. வெள்ளைச் சீருடை, மடக்கு நாற்காலி, பள்ளி மண்டபத்து மூலையில் சுழலும் துளைக்கருவியின் சத்தம். 'மிஸ்ஸி வந்துட்டாங்க' என்ற செய்தி பரவியதும் கழிவறையில் ஒளிந்துகொண்ட தலைமுறை நம்மில் எத்தனை பேர்!

இதன் பெரிய பலம் ஒன்றே. பெற்றோர் லீவு போட வேண்டாம், பஸ் ஏற வேண்டாம், காசு கொடுக்க வேண்டாம். பிள்ளை பள்ளிக்கு வந்தால் போதும், சிகிச்சை அவனைத் தேடி வரும். ஆனால் அரசாங்கப் பல் மருத்துவச் சேவை நகரங்களில்தான் முதலில் வேரூன்றியது. தோட்டத்துச் செம்மண் சாலைகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

1971-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் இந்தப் போக்குக்கு ஒரு பெயர் வைத்தார்: 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'. யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்கு அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். கிள்ளான் தோட்டங்களைப் பார்க்காமலேயே கிள்ளான் தோட்டங்களைப் பற்றி எழுதிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

6. குழாய்க்குள் வந்த மருந்து

இரண்டாவது பெரிய நடவடிக்கை தண்ணீர் வழியாக வந்தது. குடிநீரில் புளோரைடு என்னும் தாதுப்பொருள் மிகச் சிறிய அளவில் இருந்தால் பல்லின் மேற்பூச்சான எனாமல் அமிலத்தைத் தாங்கும். அரிப்புத் தொடங்கிய இடம் மீண்டும் கெட்டிப்படவும் அது உதவும். 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் புளோரைடு சேர்த்தது. நம் பக்கம் ஜொகூரில் 1957-இல் தொடங்கினார்கள். 1972-இல் அமைச்சரவை இதை நாட்டின் கொள்கையாக ஏற்றது. தொடக்கத்தில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். பற்பசையிலும் புளோரைடு கிடைக்கத் தொடங்கிவிட்டதால், அளவு கூடிப் பல்லில் வெள்ளைத் திட்டுகள் வராமலிருக்க, 2005-இல் அதை 0.5 ஆகக் குறைத்தார்கள்.

இதில் உள்ள சமத்துவத்தைப் பாருங்கள். குழாயைத் திறப்பவர் பணக்காரரா ஏழையா என்று தண்ணீர் கேட்பதில்லை. பங்சார் பங்களாவுக்கும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கும் ஒரே தண்ணீர்.

ஆனால் குழாய் வேண்டுமே! சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கும் புளோரைடு, அந்த நிலையத்திலிருந்து குழாய் போகிற வீட்டுக்குத்தான் போகும். சொந்தக் கிணறும் ஆற்றுத் தண்ணீரும் நம்பி இருந்த தோட்ட லயங்களுக்கு அது எப்படிப் போகும்? சமத்துவமான திட்டம்கூடக் குழாய் முடிகிற இடத்தில் முடிந்துபோனது. தேர்வில் 'பொதுச் சுகாதாரத் திட்டங்களின் நன்மையும் வரம்பும்' என்று கேள்வி வந்தால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

7. ஆண்டுதோறும், வகுப்புதோறும்

1985-இல் பள்ளிப் பல் மருத்துவத்தில் 'படிமுறைப் பராமரிப்பு' என்று சொல்லத்தக்க திட்டம் வந்தது. அதற்கு முன் வலி வந்த பிள்ளையைப் பார்ப்பது ஒரு வழக்கமாக இருந்தது. புதிய திட்டத்தில் முதலாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து, தேவையான சிகிச்சையை முடித்து, அடுத்த ஆண்டு மீண்டும் பார்ப்பார்கள். சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகும் முன் அடைபடும். 1999-இல் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை முன்கூட்டியே பூசி மூடும் திட்டமும் பள்ளிகளுக்கு வந்தது.

நேரத்தையும் கவனியுங்கள். ஆறு வயது வாக்கில்தான் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஏழு வயதில் பிள்ளை முதலாம் ஆண்டுக்கு வருகிறான். முளைத்த கையோடு பல் மிஸ்ஸியின் கண்ணில் படுகிறது. 12 வயதுக்காரர்களின் கணக்கு 60.9-இலிருந்து 41.5-க்கு இறங்கியதில் குழாய்த் தண்ணீருக்கும், பற்பசைக்கும், இந்த ஆண்டுதோறும் நடக்கும் சோதனைக்கும் பங்கு உண்டு. கிள்ளான் தோட்டத்துப் பிள்ளையும் கோலாலம்பூர் நகரப் பிள்ளையும் ஒரே பள்ளிச் சேவையின் கீழ் வந்தது நம் நாட்டின் மெச்சத்தக்க சாதனைகளில் ஒன்று. இதைத் தயங்காமல் சொல்லலாம்.

8. வாசலுக்கு வெளியே இருப்பவர்கள்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். 5 வயதில் ஏன் தடுமாறுகிறோம்?

பால்பற்கள் ஆறு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. பள்ளிச் சேவை முழு வலிமையோடு தொடங்குவது ஏழு வயதில். பாலர் பள்ளிகளுக்கும் பல் மருத்துவக் குழு போகிறதுதான். ஆனால் பாலர் பள்ளியும் நான்கு, ஐந்து வயதுக்குப் பிறகுதானே? அதற்கு முந்திய ஆண்டுகளில் குழந்தையின் பல், முழுக்க முழுக்க வீட்டின் நேரத்தையும் காசையும் அறிவையும் நம்பியிருக்கிறது. அந்த மூன்றும்தான் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இல்லாதவை. பொதுத் திட்டம் கை நீட்டாத வயதில் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கிறது. 5 வயதுக் கணக்கு சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரங்களாயின. ஷா ஆலம் நகரமே ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் எழுந்தது. ஷா ஆலமின் மிட்லண்ட்ஸ், கிள்ளானின் ஹைலண்ட்ஸ் போன்ற தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்றும் 'தோட்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லயத்தை விட்டவர்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். குழாய்த் தண்ணீர் கிடைத்தது, நல்லது. ஆனால் ஆயாக் கொட்டாயும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் போய்விட்டார்கள். அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மாவுக்குக் காலை ஷிப்ட். அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவுதான். ஆனால் அது திறந்திருப்பது அலுவலக நேரத்தில். நாள் கூலிக்காரருக்கு அரை நாள் லீவு என்பது அரை நாள் சம்பளம். இலவசம் என்று எழுதியிருந்தாலும் ஏழைக்கு அது இலவசமாவதில்லை.

சீனியோ மலிவு. நெடுங்காலம் அரசு மானியம் கொடுத்து விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. 2013 அக்டோபரில் கிலோவுக்கு 34 சென் மானியம் நீக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் சீனி அதிகமுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024-இல் அது 50 சென் ஆனது. வடிகால், குழாய் ஆகியவற்றின் வரிசையில் இதுவும் சூழலை மாற்றும் முயற்சிதான். என்றாலும் அழுகிற பிள்ளையை அடக்க ஒரு பாக்கெட் இனிப்புப் பானம் இன்றும் கைக்கெட்டும் விலையில்தான் கிடைக்கிறது.

பள்ளி வாசலே திறக்காத பிள்ளைகளும் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமைச் சிக்கலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் நம் சமூகத்தில் இருப்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பள்ளிச் சேவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பள்ளிக்கே வர முடியாதவனை அது எப்படித் தொடும்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த அனுபவம் கொஞ்சம் கிடைத்தது. பள்ளி மூடினால் பல் மருத்துவ நாற்காலியும் மூடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். சொத்தைக்கு இனம் கிடையாது. கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கும், புதுக்கிராமத்துச் சீனப் பிள்ளைக்கும், அடுக்குமாடித் தமிழ்ப் பிள்ளைக்கும் நோய் வரும் வழி ஒன்றே: சீனி அருகில், சிகிச்சை தூரத்தில்.

9. நாம் நிற்கும் இடம்

ஆசிரியர் பல் மருத்துவர் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வரலாறு நம்மை ஒரு முக்கியமான இடத்தில் நிறுத்தியிருக்கிறது: வாசலில். அங்கிருந்து செய்யக்கூடியவை சில.

முதலாவது, ஒப்புதல் படிவம். பல் மருத்துவக் குழு வரும்போது சிகிச்சைக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். படிவம் மலாயில் வருகிறது; பையில் கசங்கிக் கிடக்கிறது. கையெழுத்து இல்லை என்றால் பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு அடைக்காமல் அனுப்ப வேண்டியதுதான். படிவத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நிமிடக் குரல்பதிவாகத் தமிழில் சொன்னால் போதும். பல பிள்ளைகளுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு பல்லைக் காப்பாற்றும்.

இரண்டாவது, தம்பி தங்கைகள். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் பதிவு நாளில் அம்மாவின் இடுப்பில் இன்னொரு குழந்தை இருக்கும். பொதுத் திட்டம் எட்டாத அந்த வயதுக்குழந்தையைப் பற்றிப் பேச நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது. "முதல் பல்லு முளைச்சதும் துலக்கத் தொடங்குங்கம்மா. பற்பசை அரிசி அளவு போதும். தூங்கும்போது புட்டியில வெறும் தண்ணி மட்டும் குடுங்க. ஒரு வயசுல கிளினிக்ல ஒரு தடவ காட்டிருங்க." இதைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லாமல், அக்கா தங்கைக்குச் சொல்வதுபோலச் சொன்னால் காதில் ஏறும்.

மூன்றாவது, பள்ளிக்குள் நாம் கொடுக்கும் பரிசு. சரியான விடைக்கு மிட்டாய் கொடுக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. ஸ்டிக்கராக மாற்றினேன். பிள்ளைகள் ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இவை சிறிய வேலைகள். இவற்றால் மட்டும் 71.3 விழுக்காடு சரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாட்சன் வடிகால் வெட்டியதுபோல, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அவர்கள் இருக்கும் இடத்தில் தேடிப் போகிற திட்டம்தான் அதைச் செய்யும். தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் கிளினிக் வருகிறாள். அதே நாளில் பல்லும் பார்க்கப்படுவது எல்லா இடத்திலும் வழக்கமானால் பாதி வழி கடந்துவிடலாம். அப்படிக் கேட்பது நம் உரிமை. 1941-இல் கிள்ளானில் கேட்டவர்களுக்கு எழுத்தறிவுகூடக் குறைவு. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

மாணவர்களுக்கான கால வரிசை

1901: மால்கம் வாட்சன் கிள்ளானில் மலேரியா ஒழிப்புப் பணி.
1912: பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தச் சொன்ன தொழிலாளர் சட்டம்.
1921: நியூசிலாந்தில் பள்ளிப் பல் தாதியர் பயிற்சி.
1939: சிசிலி வில்லியம்ஸின் சிங்கப்பூர்ப் பேச்சு.
1941: கிள்ளான் வேலைநிறுத்தம்.
1949: பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி.
1957: ஜொகூரில் குடிநீரில் புளோரைடு.
1972: புளோரைடு சேர்ப்பதற்கு அமைச்சரவை ஒப்புதல்.
1985: பள்ளிகளில் படிமுறைப் பல் பராமரிப்பு.
1999: கடைவாய்ப் பற்பள்ளங்களைப் பூசி மூடும் பள்ளித் திட்டம்.
2005: குடிநீர்ப் புளோரைடு அளவு 0.5 ஆகக் குறைப்பு.
2019: இனிப்புப் பானங்களுக்கு வரி.

சிந்தனை வினாக்கள்

1. கிள்ளானின் வடிகாலுக்கும் குடிநீர்ப் புளோரைடுக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டையும், இரண்டின் பொதுவான வரம்பு ஒன்றையும் விளக்குக.
2. 'இலவசச் சிகிச்சை ஏழைக்கு இலவசமாவதில்லை.' பள்ளிப் பல் மருத்துவச் சேவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்க.
3. 5 வயது, 12 வயதுப் பிள்ளைகளின் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணங்களை எழுதுக.
4. உங்கள் தாத்தா பாட்டியிடம் தோட்டத்திலோ குவார்ட்டர்ஸிலோ பல்வலி வந்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுக. அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதினால் சிறப்பு.

நான்காவது வினாவுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் மாணவர்கள் எழுதி வந்ததைப் படித்துவிட்டு ஓய்வறையில் பேச்சு நின்ற நாள்கள் உண்டு. அந்த விடைகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள், ஆசிரியர்களே. நம் பிள்ளைகளின் பல்லுக்கு இன்னும் எழுதப்படாத வரலாறு அதில்தான் இருக்கிறது.